கருப்பிலிருந்து நைலக்ஸுக்கு வந்த கதை

போன மாதம் ஒரு நாள் காலை. புதுவாயல் கூட்டு ரோட்டில் எங்கள் கம்பெனி பஸ் ஏறினேன். நடுவில் ஒரு சீட் காலியாக இருந்தது. உட்காரப் போகும்போது யாரோ பின்னாலிருந்து என் முந்தானையைப் பிடித்தார்கள்.

திரும்பினால் ஸ்டெல்லா. பேக்கிங் செக்‌ஷனில் வேலை பார்க்கிற பெண். என்னைவிட ஐந்தாறு வயது சின்னவள். பஸ்ஸில் பார்த்தால் சிரிப்போம், கேன்டீனில் பார்த்தால் சாம்பார் சரியில்லை என்போம். அவ்வளவுதான் பழக்கம்.

பிடித்த முந்தானையை அவள் விடவில்லை. ஜன்னல் பக்கம் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தாள். பெரிய பெரிய ஆரஞ்சுப் பூ போட்ட நைலக்ஸ் புடவை. முந்தானை ஓரத்தில் ஒரு ரூபாய் அளவுக்கு ஊதாத் துணியில் ஒட்டுப் போட்டுத் தைத்திருக்கும். அந்த இடத்தைக் கட்டை விரலால் தடவினாள்.

"அக்கா, இந்தப் பொடவ உனுக்கு எங்க கெடைச்சிது?"

எனக்குப் பெருமை தாங்கவில்லை. இப்படி யாராவது கேட்க மாட்டார்களா என்றுதானே மெனக்கெட்டு உடுத்துகிறோம்? இதற்குப் பெயர் வின்டேஜ், எப்படியும் நாற்பது வருஷம் இருக்கும், அந்த ஒட்டைப் பார், எவ்வளவு நுணுக்கமான தையல், இப்போது யார் இப்படிச் செய்கிறார்கள்... என்று ஒரு குட்டி லெக்சரே கொடுத்தேன்.

ஸ்டெல்லா முழுவதும் கேட்டுவிட்டு மெதுவாகச் சொன்னாள். "இது எங்கம்மா பொடவக்கா."

அவளுடைய அம்மா இறந்து நாலு மாதம் ஆகிறது. அது பஸ்ஸுக்கே தெரியும். எனக்கும் தெரியும்.

மேலே சொல்வதற்கு முன் கொஞ்சம் பழைய கதை சொல்ல வேண்டும். கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் வண்டி உதிரிபாகம் செய்கிற ஒரு கம்பெனியில் நான் ஸ்டோர்ஸ் பார்க்கிறேன் என்பது இந்தப் பக்கத்தை வாராவாரம் படிக்கிற உங்களுக்குத் தெரியும். இதுவரை சொல்லாத ஒன்று இருக்கிறது. நான் பத்து வருடம் கோத்.

கோத் என்றால்? கருப்பு உடை, கருப்பு லிப்ஸ்டிக், கண்ணைச் சுற்றி அப்பிய மை, விரலில் மண்டையோட்டு மோதிரம். கல்லறை, வௌவால், சாவு, சோகம் — இவைதான் அழகு என்று கொண்டாடுகிற கூட்டம். வெளிநாட்டில் பாட்டுக்காரர்களை வைத்து வளர்ந்தது. எனக்கு அது வந்து சேர்ந்தது காலேஜ் ஹாஸ்டலில், ரூம் மேட்டின் லேப்டாப் வழியாக.

குளிர் நாட்டுக்காரர்கள் கண்டுபிடித்த ஃபேஷன். அதைக் கத்திரி வெயிலில் கும்மிடிப்பூண்டியில் போட்டுப் பாருங்கள். வீட்டில் கண்ணுக்குப் போட்ட மை, கம்பெனி கேட் வருவதற்குள் தாடைக்கு இறங்கியிருக்கும்.

விசேஷத்துக்குப் பத்திரிகை வைக்க வருகிறவர்கள், பாப்பாவை மட்டும் வேற கலரில் வரச் சொல்லுங்கள் என்று அம்மாவின் காதில் சொல்லிவிட்டுப் போவார்கள். டீக்கடையில் ஒருவர், எந்தக் கட்சிம்மா என்று மரியாதையாகவே விசாரித்தார். கார்த்திகை மாதம் மட்டும் எனக்கு நிம்மதி. மலைக்கு மாலை போட்டவர்கள் பாதி பஸ்ஸில் கருப்பு வேட்டியோடு உட்கார்ந்திருப்பார்கள். என்னைத் தனியாக யாரும் பார்க்க மாட்டார்கள்.

கிண்டல் செய்தாலும் உள்ளுக்குள் எனக்கு அதில் ஒரு கெத்து இருந்தது. ஊரே பார்த்து ஒதுங்கிப் போகிற சாவை நான் மோதிரமாகப் போட்டிருக்கிறேன் இல்லையா? எனக்குப் பயமில்லை என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

முதலில் போனது மோதிரம். மெஷின் பக்கம் வருகிறவர்கள் மோதிரம் போடக் கூடாது என்று சேஃப்டி ஆபீசர் கழற்றச் சொன்னார். மற்றதெல்லாம் மூன்று வருடம் முன்பு அப்பா இறந்தபோது போனது. மாரடைப்பு. மதியம் சாப்பிடக் கூப்பிட்டோம், எழுந்து வரவில்லை. பதினாறு நாளும் யாரோ கொடுத்த பூப்போட்ட நைட்டியில் இருந்தேன். காரியம் முடிந்து பீரோவைத் திறந்தால் மேல் தட்டிலிருந்து கீழ்த் தட்டு வரை கருப்பு. எனக்குக் கோபம்தான் வந்தது. இத்தனை நாள் எதை வைத்து விளையாடிக்கொண்டிருந்தோம் என்று என்மேலேயே கோபம்.

அப்புறம் வந்ததுதான் வின்டேஜ். புள்ளிப் புடவை, பஃப் கை வைத்த ஜாக்கெட், ஓரம் தூக்கிய கண்ணாடி, இரட்டைப் பின்னல். என்னோடு கோத்தாக இருந்தவர்களில் பாதிப்பேர் இப்போது இந்தப் பக்கம்தான் இருக்கிறார்கள். இதில் அதிசயம் ஒன்றும் இல்லை. கடைகடையாகப் போய் யாரும் போடாத துணியைத் தேடுவது, பழசில் மயங்குவது, தெருவே திரும்பிப் பார்த்தால் சந்தோஷப்படுவது — எல்லாம் அதே வியாதிதான். கலர் மட்டும் மாறியிருக்கிறது.

பழைய புடவைக்கு எங்கே போவது? அதற்கு என் வேலையே வழி செய்தது. மெஷினில் எண்ணெய் துடைக்கக் கம்பெனிகள் பழைய துணியை மூட்டை மூட்டையாக வாங்கும். வேஸ்ட் துணி என்போம். கிழிந்த பனியன், நைந்த லுங்கி, வெட்டிய காட்டன் புடவை. அந்த மூட்டையைப் பிரித்துப் பார்ப்பது ஸ்டோர்ஸ் வேலை. எடை ஏற வேண்டும் என்று வியாபாரி சில சமயம் நடுவில் நைலக்ஸ் புடவையை முழுசாகத் திணித்து அனுப்பிவிடுவார். நைலக்ஸ் எண்ணெயை உறிஞ்சாது. துடைத்தால் எண்ணெய் இங்கிருந்து அங்கே போகும், அவ்வளவுதான். அதனால் ரிஜக்ட்.

கம்பெனிக்கு ரிஜக்ட், எனக்குப் புதையல். மேனேஜரிடம் கேட்டு, 'பழைய புடவை — 1' என்று கேட் பாஸ் எழுதி, செக்யூரிட்டி பார்த்துச் சிரித்த பிறகு வெளியே கொண்டுவருவேன். இரண்டு அலசு அலசினால் புதுசு மாதிரி ஆகிவிடும். ஆரஞ்சுப் பூ அப்படி வந்ததுதான். அன்றைக்குத்தான் முதல் முறையாகக் கட்டினேன்.

இந்தப் புடவை யாருடையது என்று நான் ஒரு முறையாவது யோசித்தேனா? இல்லை. பேட்டர்னைப் பார்த்தேன், கலரைப் பார்த்தேன்.

பஸ்ஸில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து ஸ்டெல்லா சொன்னாள். ஒட்டுக்கு அடியில் இருக்கிற ஓட்டையைப் போட்டதே அவள்தானாம். எட்டு வயதில் ஒரு கிறிஸ்துமஸுக்குக் கம்பி மத்தாப்பைச் சுற்றும்போது பொறி பட்டு நைலக்ஸ் உருகிவிட்டது. அம்மா அடிக்கவில்லை. இவளுடைய கிழிந்த கவுனிலிருந்து ஊதாத் துணி வெட்டி ஒட்டுப் போட்டார். நடவுக்கும் களையெடுக்கவும் போகிறவர். வெளியே கட்டிக்கொண்டு போக அவருக்கு இருந்த நல்ல புடவை இது ஒன்றுதான். முப்பதாம் நாள் ஜெபம் முடிந்து ஸ்டெல்லா ஷிப்டுக்குத் திரும்பிய அன்று, அண்ணி அம்மாவின் துணிகளை மூட்டையாகக் கட்டிப் பாத்திரக்காரியிடம் போட்டு ஒரு எவர்சில்வர் தூக்கு வாங்கிவிட்டார்.

"நான் ஊட்டுக்கு வந்து பாத்தா கொடி காலியா கீது. ஒண்ணுகூட வெக்கல."

பாத்திரக்காரியிடமிருந்து துணி வியாபாரிக்கு, வியாபாரியிடமிருந்து எங்கள் ஸ்டோர்ஸுக்கு, ஸ்டோர்ஸிலிருந்து என் இடுப்புக்கு.

அவளுடைய அண்ணியைத் திட்ட எனக்கு வாய் வரவில்லை. அப்பாவின் சட்டைகளை மடித்து மூட்டை கட்டிக் கொடுத்தனுப்பியது யார்? நான்தான். வீட்டில் இருந்தால் பார்க்கும்போதெல்லாம் அழுகை வருமே என்று கொடுத்தேன். இன்று ஒரு சட்டையை வைத்திருந்தால் என்ன என்று தோன்றுகிறது. அந்த அண்ணியும் ஏதோ பயத்தில்தான் செய்திருப்பார்.

பயம் என்றதும் சொல்லிவிடுகிறேன். 'எங்கம்மா பொடவ' என்று ஸ்டெல்லா சொன்ன நிமிஷத்திலிருந்து எனக்கு உடம்பு கூசத் தொடங்கிவிட்டது. இறந்துபோனவர் உடுத்தியது. என் தோள்மேல், வயிற்றின்மேல் கிடக்கிறது. கம்பெனியில் இறங்கியதும் ஓடிப்போய் யூனிஃபார்முக்கு மாறினேன். சாயங்காலம் யூனிஃபார்மோடேயே வீட்டுக்குப் போனேன். மறைக்கத் தெரியாமல் அம்மாவிடம் விஷயத்தைச் சொன்னேன். அம்மா வாசலிலேயே நிறுத்தி, தலைக்கு ஊற்ற வைத்து, சூடம் சுற்றிப் போட்டுவிட்டு, பத்து வருஷமாக மண்டையோட்டைப் போட்டுக்கொண்டு அலைந்தவளுக்கு ஒரு புடவைக்கா இந்த நடுக்கம் என்று கேட்டு விழுந்து விழுந்து சிரித்தார்.

மறுநாள் புடவையைத் துவைத்து மடித்து ஒரு பையில் போட்டுக் கேன்டீனில் ஸ்டெல்லாவிடம் கொடுத்தேன். உன்னுடையது உன்னிடமே வந்துவிட்டது, நீ கட்டிக்கொள் என்றேன். நல்ல காரியம் செய்கிறோம் என்கிற திருப்தி ஒரு பக்கம், வீட்டை விட்டுப் போனால் சரி என்கிற அவசரம் ஒரு பக்கம்.

அவள் பையைப் பிரித்து ஒட்டுத் துணியை எடுத்துப் பார்த்தாள். கொஞ்ச நேரம் கையிலேயே வைத்திருந்தாள். பிறகு மடித்து, பையில் போட்டு, என் பக்கமே தள்ளினாள்.

"நீயே வெச்சிக்கக்கா."

ஏன் என்று கேட்டேன்.

"நான் கட்டிக்கினா நான் எப்பிடி பாக்கறது? நேத்து நீ பஸ் ஏறச்சொல... எங்கம்மாதான் ஏறுதுன்னு நெனச்சிட்டேன்."

சாப்பாட்டுத் தட்டைப் பார்த்துக்கொண்டு பேசினாள். அழவில்லை. அம்மா புதன்கிழமை சாயங்காலம் ஜெபக் கூட்டத்துக்கு இதைத்தான் கட்டிக்கொண்டு போவாராம். அதனால் புதன்கிழமை, வாரத்தில் ஒரே ஒரு நாள், நான் இதைக் கட்டிக்கொண்டு பஸ் ஏறினால் போதும் என்றாள். எனக்குத் தொல்லை என்றால் வேண்டாம் என்றும் சொன்னாள்.

ஏதாவது சாக்குச் சொல்லியிருக்கலாம். உண்மையையே சொன்னேன், எனக்குப் பயமாக இருக்கிறது என்று.

ஸ்டெல்லா முதல் முறையாகச் சிரித்தாள். "எங்கம்மா கோழி அறுக்கவே பயப்படும்க்கா. உன்ன இன்னா பண்ணப் போவுது?"

அந்தப் புதன்கிழமை காலை கண்ணாடி முன்னால் நின்று புடவையைச் சுற்றும்போது கொசுவம் இரண்டு முறை நழுவியது. வீட்டுக்கே திரும்பிப் போய்விடலாமா என்று ரோடு வரை யோசித்தேன். பஸ் வந்து நின்றது. ஏறினேன். முன்னாலிருந்து நாலாவது சீட்டில் ஸ்டெல்லா. அவள் பார்த்த பார்வை எனக்கானது இல்லை என்று தெரிந்தது. ஆனால் அதற்குப் பிறகு எனக்கு நடுக்கம் வரவில்லை. ஏன் என்று கேட்டால் சொல்லத் தெரியாது, வரவில்லை.

இறங்கும்போது அவள் என் காதருகே வந்து, அம்மா இப்படித் தரையைக் கூட்டுகிற மாதிரி கட்டாது, கணுக்காலுக்கு மேல் தூக்கித்தான் கட்டும் என்றாள். அடுத்த வாரம் தூக்கிக் கட்டினேன். அம்மா பின் குத்தாது என்றாள். பின்னை எடுத்தேன். இரட்டைப் பின்னல் பற்றி அவள் ஒன்றும் சொல்லவில்லை, பார்த்தாள், அவ்வளவுதான். அதற்கடுத்த வாரம் கொண்டை போட்டேன். என் வின்டேஜ் ஸ்டைல் மொத்தமாகக் காலி. பஸ்ஸில் இருக்கிற மற்றவர்கள், மேடத்துக்கு என்ன ஆச்சு என்று பேசிக்கொள்கிறார்கள். பேசட்டும்.

போன புதன்கிழமை எனக்குக் காய்ச்சல். லீவு போட்டுவிட்டுப் படுத்திருந்தேன். ஏழரை மணிக்கு ஸ்டெல்லாவின் போன். உடம்புக்கு என்ன, மாத்திரை போட்டாயா என்றெல்லாம் விசாரித்தாள். வைக்கப் போகும்போது கொஞ்சம் தயங்கிச் சொன்னாள்.

"லீவு போடறதா இருந்தா மொத நாளே சொல்லிடுக்கா. புதுவாயல்ல பஸ் நின்னுச்சா... வாசலியே பாத்துகினு இருந்துட்டேன்."

கருப்புப் போட்ட பத்து வருடத்தில் எத்தனையோ பேர் என்னைத் திரும்பிப் பார்த்திருக்கிறார்கள். யாரும் வாசலைப் பார்த்துக் காத்திருந்ததில்லை. ஸ்டெல்லாவும் காத்திருந்தது எனக்காக இல்லை, அது எனக்குத் தெரியாதா?

இருந்தாலும், இனி புதன்கிழமைகளில் நான் லீவு எடுப்பதாக இல்லை.