தேவகி அக்கா மெதுவாக வேலை செய்த நாள்

காலை ஷிஃப்ட் பேருந்து ஒரகடம் கூட்டுச்சாலை நெரிசலில் நின்றுகொண்டிருந்தபோது, தேவகி அக்கா இறந்துவிட்ட செய்தி வாட்ஸ்அப் குழுவில் வந்தது. மாரடைப்பு. நான் அங்கேயே இறங்கி, அவர் வீடு இருக்கும் சேரப்பணஞ்சேரிக்குப் போயிருக்க வேண்டும். போகவில்லை. ஆலைக்கு வந்து வருகைப் பதிவுக்கு விரல் வைத்துவிட்டு உள்ளே போனேன்.

கார்களுக்கு வயர் கட்டுகள் செய்யும் எங்கள் ஆலையில் அவரோடு வேலை பார்த்த உங்களுக்குத் தெரியும். வேலை நேரத்தை அளக்க நான் ஸ்டாப்வாட்ச்சோடு வந்தால் லைன் முழுக்கக் கை தளரும். அளக்கும்போது காட்டும் வேகம்தான் நாளைய இலக்கு என்பது எல்லோருக்கும் அத்துப்படி. அக்கா மட்டும் எப்போதும்போலவே செய்வார். "எனக்கு மெதுவா செய்ய வராது சார், இன்னா பண்றது?" என்று சிரிப்பார். சராசரிக் கையின் நேரத்தைத்தான் எடுக்க வேண்டும் என்று படித்தவன் நான். ஆனால் மேலிடத்தில் நல்ல பெயர் வாங்கும் ஆசையில் அவர் நேரத்தையே எல்லோருக்கும் இலக்காக எழுதினேன்.

டேப் சுற்றும் இடத்தில் எப்போதும் சரக்கு தேங்கும். ஒரு மாதம் மண்டையை உடைத்துக்கொண்டேன். "வாட்ச்சயே பாத்துகினு கீறீங்களே சார், அந்த ட்ரேவ இந்தாண்ட நவுத்துங்க. அந்தப் பொண்ணு ஒவ்வொரு வாட்டியும் திரும்பித் திரும்பி எடுக்குது பாருங்க" என்றார் அக்கா. நகர்த்தினோம். தேக்கம் போய் உற்பத்தி கூடியது. மேலாளர் எல்லோருக்கும் லட்டு கொடுத்தார். மறுவாரம், பதினொரு பேர் செய்த வேலைக்கு ஒன்பது பேர் போதும் என்றார்.

அனுப்பப்பட்டவர்கள் தென்காசிப் பக்கத்து ஒப்பந்தப் பெண்கள் இருவர். அக்கா வீட்டு மாடியில்தான் குடியிருந்தார்கள். டேப் சுற்றிய பெண் அவர்களில் ஒருத்தி. "நீங்க என்னக்கா செய்வீய" என்று சொல்லிவிட்டுப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனாளாம். அதை அக்காதான் என்னிடம் சொன்னார். "ட்ரேவ பழைய எடத்துலயே வச்சுடலாமா சார்?" என்று கேட்டார்.

அடுத்த முறை நான் அளக்கப் போனபோது அக்கா மெதுவாகச் செய்தார். பழக்கமில்லாத காரியம். டேப் கையில் ஒட்டிக்கொண்டது, கனெக்டர் நழுவி விழுந்தது, என்னைப் பார்க்காமலேயே வியர்த்து வழிந்தார். அந்த நேரத்தை அப்படியே எழுதியிருந்தால் ஒருத்தியையாவது திரும்ப எடுத்திருப்பார்கள். எனக்குத் துணிச்சல் இல்லை. பழைய நேரத்தையே போட்டு, குறிப்புக் கட்டத்தில் 'வேண்டுமென்றே மெதுவாகச் செய்கிறார்' என்று எழுதிக் கையெழுத்திட்டேன். அவருக்கு மெமோ கொடுத்து பேக்கிங்குக்கு மாற்றினார்கள். அதன்பிறகு எதிரில் வந்தாலும் அவர் என்னிடம் பேசியதில்லை.

லைன் இப்போது தங்குதடையின்றி ஓடுகிறது. எட்டு பேர் போதுமா என்று கேட்டிருக்கிறார்கள். பார்த்துச் சொல்கிறேன் என்றிருக்கிறேன். நான் என்ன சொல்வேன் என்று உங்களுக்கே தெரியும். எனக்கு என்மேலேயே அருவருப்பாக இருக்கிறது. அக்காவின் நினைவாக எனக்கென்று மிஞ்சியிருப்பது அந்தக் குறிப்புதான். அவர் உயிரோடு இருந்தவரை அவரைப் பற்றி நான் எழுதியது அந்த ஒரு வரி மட்டுமே.