மாலை போட்ட போட்டோ

அந்த மத்தியான சீரியலின் கதையாசிரியர் ஒரு கோழை. அதில் எட்டு வருடம் மாமியாராக நடித்த பெண்மணியைச் செஞ்சி பேருந்து நிலையத்தில் சந்தித்தேன். பெரிய பொட்டு, பேச்சுக்குப் பேச்சு முந்தானையைச் சரிசெய்யும் பழக்கம்.

"முட்டி வலி, பத்து நாள் லீவு குடுங்கன்னேன் தம்பி. சரிம்மா, பட்டுப்புடவைல சிரிச்ச போட்டோ ஒண்ணு அனுப்புங்கன்னாங்க. வெளம்பரத்துக்குன்னு அனுப்பிட்டேன். டிவிய போட்டா, அதுக்கு மாலை போட்டு வெளக்கேத்தி வெச்சிருக்காங்க."

"கேக்கலியா?"

"போனே எடுக்கல. எதிர்வூட்டுக்காரி, கருமாதி எப்பக்கான்னு கேக்குறா."

சொல்லிவிட்டுச் சிரித்தார்.

கதையாசிரியரே, வேலை இல்லை என்று அவர் முகத்தைப் பார்த்துச் சொல்ல ஏன் துணியவில்லை? அதே சேனலில், ஊரே பார்க்கப் பதில் சொல்லுங்கள்.