லைனில் ஆள் இருக்கிறது

சின்னவன் போன வாரம் பள்ளிக்கூடத்திலிருந்து வந்ததும் வராததுமாக, "இன்னாப்பா, கர்னல் கர்னல்னு சொல்றாங்க, நீ ஒருத்தரையும் சுட்டதே இல்லியாமே?" என்று கேட்டான். பெரியவள் விடவில்லை. "அப்பா மிலிட்டரில போன் ரிப்பேர்டா. விடு, பாவம்" என்றாள். நானும் சேர்ந்துதான் சிரித்தேன். ஆனால் அந்தப் போன் ரிப்பேரில் எனக்கு எவ்வளவு பெருமை என்பதை வாயால் சொன்னால், நீங்கள் இரண்டு பேரும் நடுவில் கிண்டல் பண்ணுவீர்கள். அதனால் எழுதுகிறேன்.

நான் தங்கச் சுரங்கத் தொழிலாளர் குடியிருப்பான ஸ்கெலட்டனில் பிறந்து, பத்தாம் வகுப்போடு ராணுவத்தின் சிக்னல்ஸ் பிரிவில் லைன்மேனாகச் சேர்ந்தவன். கம்பிச் சுருளைத் தோளில் போட்டுக்கொண்டு மலை ஏறி, ஒரு முகாமை இன்னொரு முகாமோடு பேசவைப்பதுதான் வேலை. பிறகு பரீட்சை எழுதி அதிகாரியானேன். லெப்டினன்ட் கர்னலாக ஓய்வு பெற்றேன். என் இங்கிலீஷ் அங்கங்கே தடுக்கி விழும். அதை வைத்துக்கொண்டேதான் இத்தனை வருடமும் ஓட்டினேன்.

அதிகாரியான புதிதில் வடக்கே பனிமலையில் இருந்தோம். ஒருநாள் காலை மேலே பனி சரிந்து, உச்சியில் இருந்த காவல் முகாமுக்குப் போகும் டெலிபோன் கம்பி அறுந்துவிட்டது. அவர்களுடைய ரேடியோவிலும் சத்தமில்லை. அங்கே ஆட்கள் பிழைத்திருக்கிறார்களா என்றே தெரியவில்லை. இரண்டு லைன்மேன்களைக் கம்பியைத் தொடர்ந்து மேலே அனுப்பினேன்.

அந்தப் போனில் பக்கவாட்டில் ஒரு கைப்பிடி இருக்கும். அதைச் சுற்றினால் மறுமுனையில் மணி அடிக்கும். சுற்றும்போது கம்பியில் கரண்ட் பாயும். லைன்மேன் கையுறையோடு கம்பியை முடிச்சுப்போட முடியாது, வெறுங்கைதான். மேல் ரப்பரைப் பல்லால்தான் உரிப்பான். கம்பி அவன் வாயில் இருக்கும்போது இங்கே கைப்பிடியைச் சுற்றினால் ஆள் துள்ளி விழுவான். சமதரை என்றால் எழுந்து நம்மைத் திட்டுவான். அங்கே பக்கத்தில் கிடுகிடு பள்ளம். ஆகவே வேலை முடிந்து அவர்களே கூப்பிடும்வரை யாரும் மணி அடிக்கக் கூடாது என்று சொல்லிவைத்தேன்.

மத்தியானம் ஆகியும் அவர்கள் கூப்பிடவில்லை. எங்கள் கமாண்டர் டெலிபோன் கூடாரத்துக்கே வந்துவிட்டார். அவர் ஹிந்தியில் திட்டியதைக் கொஞ்சம் மரியாதையாக்கி எழுதுகிறேன்.

"முடித்துவிட்டு பீடி பிடித்துக்கொண்டிருப்பார்கள். சுற்றிப் பார்!"

"லைனில் ஆள் இருக்கிறது, சார்."

"மேலேயும்தான் ஆள் இருக்கிறது! மொத்த முகாமும் பனிக்குள் கிடந்தால் நீ பதில் சொல்வாயா?"

அவர் கெட்டவர் இல்லை. மேலே இருந்தவர்களும் அவர் பொறுப்பில் இருந்தவர்களே.

உங்கள் தாத்தா சுரங்கத்தில் ஆட்கள் போய்வரும் இரும்புக் கூண்டான கேஜை ஏற்றி இறக்கும் இன்ஜின் ஓட்டியவர். ஆண்டர்சன்பேட்டை டீக்கடையில் சகாக்களிடம் பீற்றிக்கொள்வார். "மேனேஜரே வந்து தலைமாட்டுல நிக்கட்டுமே! கீழேர்ந்து மணி வராம லீவர்ல கை வெக்க மாட்டேன். எவன் ஒரு கால உள்ளயும் ஒரு கால வெளியவும் வெச்சிக்கினு நிக்கிறானோ, எனக்கு இன்னா தெரியும்?" பாதாளத்தில் நிற்பவர்களை அவர் இருந்த இடத்திலிருந்து பார்க்கவே முடியாது. நானும் அன்றைக்கு அதே நிலையில் இருந்தேன். போன் பெட்டியைத் தூக்கி மடியில் வைத்து, கைப்பிடியை உள்ளங்கையால் மூடிக்கொண்டேன்.

"என் மேல் ரிப்போர்ட் எழுதிவிட்டுப் போனை வாங்கிக்கொள்ளுங்கள், சார்."

கமாண்டர் என்னை முறைத்தார். பிறகு ஒரு ஸ்டூலை இழுத்துப்போட்டு எதிரே உட்கார்ந்துவிட்டார்.

கடைசியில் மடியிலேயே மணி அடித்தது. நான் அனுப்பிய இருவரில் ஆம்பூர்ப் பக்கத்து லைன்மேன் பேசினார்.

"சார், லைன் ஓகே. மேல போஸ்ட்டாண்டயும் பேசிட்டேன். எல்லாரும் நல்லாக்கீறாங்க. சமையல் கூடாரம்தான் போயிட்ச்சு."

"இன்னாய்யா இவ்ளோ நேரம்?"

"விரலு மரத்துப்போச்சு சார். முடிச்ச அவுத்து அவுத்துப் போட்டேன். இப்பத்தான் கம்பி வாய வுட்டு வந்திச்சு. நடுவுல நீங்க மணி கிணி அடிச்சிருந்தீங்க, என்னியக் கீழ ஆத்துலதான் தேடியிருக்கணும்!" என்று சிரித்தார்.

கமாண்டருக்குத் தமிழ் தெரியாது. லைன்மேன் சொன்னதை அப்படியே ஹிந்தியில் சொன்னேன். மேலே முகாமோடு பேசத்தான் கையை நீட்டுகிறார் என்று நினைத்து ரிசீவரைக் கொடுத்தேன். அவர் லைன்மேனிடம், "விரல்கள் எப்படி இருக்கின்றன? கையுறை போட்டாயா?" என்று கேட்டார். இன்னும் இல்லை என்று பதில் வந்திருக்க வேண்டும்.

"முதலில் போடு. நான் லைனில் இருக்கிறேன்" என்றார்.

அந்த மனிதர் கையுறை மாட்டி முடிக்கும்வரை, கமாண்டர் ரிசீவரைக் காதில் வைத்தபடியே காத்திருந்தார்.