பச்சை அமுக்கிய வெண்டெல்

நான் ஆறாம் வகுப்போடு படிப்புக்கு முழுக்குப் போட்டவன். தொள்ளாயிரம் கிணறு துளைத்திருக்கிறேன். எந்தப் பாறைக்குக் கீழே தண்ணீர் என்று இன்றைக்கும் என்னைத்தான் கேட்பார்கள். பள்ளிப் பேருந்து ஓட்டிக்கொண்டிருந்த வெண்டெல் பிங்க்கமைத் மாநிலச் சட்டசபைத் தேர்தலில் நிற்கவைத்ததும் நான்தான். இரண்டு வருடத்துக்கு ஒரு தேர்தல்; பதினோரு தடவை ஜெயித்தான். இருபத்திரண்டு வருடம் சபை கூடும் தலைநகர் கான்கார்டுக்குக் கார் ஓட்டினான். அப்படிப்பட்டவன் செய்த காரியம் இன்னும் எனக்கு ஜீரணமாகவில்லை.

குளிர்காலத்தில் எங்கள் கணவாய்ச் சாலையில் பனி தள்ளுவதை நிறுத்தப் போகிறார்கள் என்று தெரிந்தது. அவன் மனைவி மில்ட்ரெட், ரத்தம் சுத்திகரிக்க வாரம் மூன்று நாள் அந்த வழியாகத்தான் ஆஸ்பத்திரிக்குப் போகிறாள். பனி தள்ளியே ஆகவேண்டும் என்று வெண்டெல் மசோதா கொண்டுவந்தான்.

அதை ஆராய்ந்த சபைக் குழுவோ, 'இந்த மசோதா வேண்டாம்' என்று பரிந்துரைத்தது. வாக்கெடுப்பும் அதன்மேல்தான். பச்சைப் பொத்தானை அமுக்கினால் பரிந்துரைக்குச் சம்மதம், மசோதா செத்தது. சிவப்பு அமுக்கினால் பிழைத்தது. நான் பார்வையாளர் மாடத்தில் இருந்தேன். பலகையில் பச்சை 176, சிவப்பு 175. வெண்டெல் பெயருக்கு நேரே பச்சை!

இறங்கி ஓடினேன். தாழ்வாரத்தில் சுண்ணாம்பாக வெளுத்து நின்றான். பக்கத்தில் எதிர்க்கட்சி உறுப்பினர் டாட்டி க்ரோவெல்.

"டேய், உன் மசோதாவை நீயே கொன்னுட்டியேடா!"

"என் மசோதான்னா பச்சைதானேன்னு... கை தானா போயிடுச்சு, ஆர்மண்ட்."

"மறு ஓட்டு கேளுங்க," என்றாள் டாட்டி.

"நீயே கேளேன். நான் எந்த முகத்தோட கேட்பேன்?"

"நான் சிவப்பு போட்டுத் தோத்தவ. ஜெயிச்ச பக்கம் ஓட்டுப் போட்டவங்கதான் கேட்க முடியும். நீங்கதான் ஜெயிச்சிட்டீங்களே, பெரிய மனுஷா!"

நான் மாடத்துக்குத் திரும்ப ஏறினேன். அவன் சபைக்குள் ஒலிபெருக்கி முன்னால் போய் நின்றான். "என் மசோதாவுக்கு எதிரா நானே ஓட்டுப் போட்டுட்டேன். புத்தி தடுமாறிடுச்சு. இன்னொரு தடவை எடுங்க." சபையே சிரித்தது. காது மடல் சிவந்துபோனாலும் அவன் நகரவில்லை. மறு ஓட்டுக்குச் சம்மதித்தார்கள். இந்தத் தடவை சிவப்பு அமுக்கினான், 'வேண்டாம்' என்ற பரிந்துரை தோற்றது.

உடனே அடுத்த தீர்மானம்: மசோதாவை நிறைவேற்றலாமா? இப்போது பச்சைதான் அமுக்க வேண்டும். வெண்டெலின் விரல் சிவப்பை நோக்கி நகர்ந்ததைப் பார்த்தேன்.

"பச்சைடா, பச்சை!" என்று மாடத்திலிருந்து கத்திவிட்டேன்.

காவலர் என் தோளைப் பிடித்து வெளியே நடத்தினார். கதவு மூடுவதற்குள் பலகையைத் திரும்பிப் பார்த்தேன். பச்சை 176, சிவப்பு 175.