பால்மாப் பேணித் தகரம்

மகன் இறந்து சில வாரங்களின் பின் அவனுக்கான பொதியொன்று கொழும்பிலிருந்து வந்தது. உள்ளே, தன் சைக்கிளுக்காக அவன் தருவித்திருந்த புதிய கிராங் இரண்டும் அவற்றைக் கழற்றும் கருவியும் இருந்தன. கிராங் என்பது பெடலைத் தாங்கிச் சுழலும் கை. அந்தச் சைக்கிளில் சில்லு சுழலும்வரை பெடலும் சுழலும். காலை ஓய்த்து உருளவிட இயலாது. ஆகையால் எங்கள் ஊர்க் கொழும்புத்துறை வீதியின் வளைவுகளில் தாழ்ந்த பெடல் தாரில் உரசியது. குட்டையான கிராங் பூட்டினால் தீரும் என்று அவன் கண்டிருந்தான். நான் அதை ஓட்டப்போவதில்லை. அவன் எண்ணியபடி அது முடியவேண்டும், அவ்வளவே.

மனைவியின் தம்பி அழைக்காமலே சுத்தியலோடு வந்தார். ஊர்ச் சைக்கிள்களில் கிராங்கை ஓர் ஆணி இறுக்கும். அதை அடித்துக் கழற்றி, அடித்தே ஏற்றுவர். இதில் ஆணி இல்லை. அச்சின் சதுர முனையில் கிராங்கின் சதுரத் துளை தானே இறுகவேண்டும். பல்கலைக்கழகத்தில் படிப்பித்த பழக்கத்தில் அதை அவருக்கு விளக்கினேன்.

“கம்பசிலை படிப்பிச்ச ஆக்களுக்குக் கச்சான் கடலை வறுக்கவும் ஆராய்ச்சி வேணும்,” என்று சிரித்தார். “சண்டைக்காலத்திலை மண்ணெண்ணெயிலை மோட்டச்சைக்கிள் ஓடின சனம் நாங்கள் அத்தான். உந்தச் சைக்கிளைச் சமாளிக்கேலாதோ?”

நான் தேநீருடன் திரும்புவதற்குள் அடித்து முடித்திருந்தார். புதிய கிராங் பழைய அச்சில் ஆடியிருக்கிறது. குப்பையில் கிடந்த பால்மாப் பேணியில் ஒரு கீற்று வெட்டி இடையில் செருகியிருந்தார். சைக்கிளைப் போர்த்தியிருந்த, மகன் வீட்டில் உடுத்த சாரத்தில் கிறீஸ் கைகளைத் துடைத்துவிட்டுக் கோப்பையை வாங்கினார்.

“அசையுதோ பாருங்கோ. சமாளிச்சாச்சு.”

மகனின் காய்ச்சலுக்கும் அவர் அதையே சொன்னார்: “கொத்தமல்லி அவிச்சுக் குடுங்கோ, சமாளிக்கலாம்.” வைத்தியசாலைக்குப் பிந்தித்தான் போனோம். ஒரு காலத்தில் அந்தச் சொல்லால் நாங்கள் உயிர் தப்பியது உண்மை. இன்று எல்லாம் கடையில் கிடைக்கிறது. சொல் மட்டும் பூஞ்சணம் பிடித்தபடி எங்கள் வாயிலேயே இருக்கிறது.

மகனின் கருவியை எடுத்துக் கிராங்கைக் கழற்றினேன்.

“ஏன் அத்தான்? ஓடுந்தானே.”

“ஓடும். அவன் பிறேக் பிடிக்கிறேல்லை, பெடலைக் காலாலை தடுத்துத்தான் நிப்பாட்டுறவன். நிப்பாட்டேக்கை கழரும்.”

“இனி ஆர் உதை ஓடப்போறது?”

நசுங்கிய தகரத்தை விரல் நுனியால் இழுத்தெடுத்து, அவர் கோப்பை வைத்திருந்த தட்டில் போட்டேன்.

“சமாளிக்கேலாது, தம்பி,” என்றேன்.

அவர் சுத்தியலை எடுத்துக்கொண்டு போனார். பொருத்தமான அச்சுக்குக் கடையில் சொல்லியிருக்கிறேன். அது வரும்வரை சைக்கிள் கிராங் இல்லாமலே நிற்கட்டும்.