புகையில்லாத அடுப்பும் கரியை விடாத மனுஷனும்

சாயங்காலம் ஆனால் எனக்கு வீட்டில் கால் தரிக்காது. நாங்கள் பிழைக்க வந்த மராட்டி ஊரில், கட்கி பஜாரில் எங்கள் வண்டி நிற்கிற இடம் வீட்டிலிருந்து கூப்பிடு தூரம்தான். அவர் இருமுவது கேட்கிறதா என்று காதைத் தீட்டிக்கொண்டு வாசலில் நிற்பேன். கேட்டால் ஐயோ, இருமுகிறாரே என்று இருக்கும். கேட்காவிட்டால் ஐயோ, சத்தமே இல்லையே என்று இருக்கும். உள்ளே உலை பொங்கி அடுப்பெல்லாம் கஞ்சி வழியும், அப்போதுதான் ஓடுவேன். தொண்ணூறுகளில் பாதி எனக்கு இப்படியே போயிற்று.

என் வீட்டுக்காரர் கோழியைக் கம்பியில் குத்திக் கரியில் சுட்டு விற்பவர். ஃபேக்டரி விட்டு வருகிற கூட்டம்தான் எங்கள் பிழைப்பு. மத்தியானம் நான் கோழியை நறுக்கி, தயிரும் மிளகாய்த்தூளும் இஞ்சி பூண்டும் பிசறி ஊற வைப்பேன். அவர் சாயங்காலம் நீளமான இரும்புத் தொட்டியில் கரியைக் கொட்டி, அட்டையால் வீசி வீசிக் கனிய வைத்து, கம்பிகளை அடுக்குவார். கொழுப்பு சொட்டித் தீ எழும்பினால் பக்கத்துக் குவளையிலிருந்து கையில் தண்ணீர் எடுத்துச் சுள்ளென்று தெளிப்பார். தீ அடங்கும், புகை கிளம்பும். எங்களுக்கு போர்டு கிடையாது, அந்தப் புகைதான் போர்டு. ஸ்டேஷனில் இறங்குகிறவனை அது மூக்கைப் பிடித்து இழுத்துக்கொண்டு வரும்.

அந்தப் புகையை முழுக்க மூஞ்சியில் வாங்கிக்கொண்டு நின்றவர் அவர். டாக்டர் சுற்றி வளைத்துப் பேசவில்லை. கரியை விடு, இல்லையென்றால் நெஞ்சு உன்னை விட்டுவிடும் என்று சொல்லிவிட்டார். இவர் மருந்துச் சீட்டை வாங்கிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு நேரே வண்டிக்குத்தான் போனார்.

"டாக்டர் இன்னா சொன்னாரு, நீங்க இன்னா பண்றீங்க?" என்றேன்.

"எங்கப்பா இதே புகையில நின்னவரு, தெரியுமா?"

"தெரியும். எத்தினி வயசுல போனாரு?"

மனுஷன் அட்டையை எடுத்து இன்னும் வேகமாக வீசினார். எனக்கு வந்த கோபத்துக்கு அந்த அட்டையைப் பிடுங்கிக் கரியிலேயே போட்டிருப்பேன். சுற்றி ஆட்கள் நின்றதால் விட்டேன்.

ஆனால் சும்மா இருக்க என்னால் முடியாது, அது என் சுபாவம். பக்கத்து ஊர் சிஞ்ச்வட்டில் வெல்டிங் வேலை செய்த என் தம்பியைப் பிடித்து உலுக்கினேன். தொட்டிக்கு அடியில் ஓட்டை போட்ட குழாய் வைத்து, கேஸ் சிலிண்டரில் எரிகிற மாதிரி அவன் ஒன்று செய்துகொடுத்தான். என்ன அழகு! திருகினால் எரிகிறது, திருகினால் அணைகிறது, புகையே இல்லை. நான் பெருமையாக அதை வண்டியில் ஏற்றி அனுப்பினேன்.

அவர் அந்தச் சிலிண்டரைப் பாம்பைப் பார்க்கிற மாதிரி பார்த்தார். நான்கு கம்பி சுடுவார், உடனே சிலிண்டரை மூடிவிடுவார். ஆள் வந்தால் மறுபடி திறப்பார், மறுபடி மூடுவார். ஒவ்வொரு கம்பிக்கும் வாங்குகிறவன் நின்று நின்று சலித்துப்போனான். கேஸ் வீணாகிறதே என்று கஞ்சத்தனம் பண்ணுகிறார் போலிருக்கிறது என்று நினைத்தேன். அந்த வாரம் முடிவதற்குள் குழாயைக் கழற்றிக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டார்.

"ருசி இல்ல. கேஸ்ல சுட்டா கோழி இல்லமே, வேகவச்ச துணி" என்று தீர்ப்பு சொல்லிவிட்டார்.

கோபம் வந்தால் எனக்கு 'ஏங்க' போய் 'யோவ்' வந்துவிடும். "யோவ், உனக்கு ருசி பெருசா, நான் பெருசா? நாளைக்கு நீ போயிட்டா இந்த ருசியக் கட்டிக்கிட்டு நான் அழணுமா?" என்று கத்தினேன். பக்கத்து வீடு வரை கேட்டிருக்கும். கேட்கட்டுமே! எனக்குப் பயம். இருமி இருமி அவர் குனிந்து நிற்கும்போது முதுகைத் தடவிக்கொடுப்பேன், விலா எலும்பு ஒவ்வொன்றும் கையில் தட்டும். அந்தப் பயத்தை நான் வேறு எப்படிச் சொல்வேன்?

இப்படியே சண்டையும் சமாதானமுமாகச் சில வருஷங்கள் ஓடின. ஒருநாள் பக்கத்து வீட்டு மராட்டிக்காரம்மா, என் சத்தத்தையெல்லாம் இத்தனை காலம் சகித்துக்கொண்ட புண்ணியவதி, ஒரு புது அடுப்பைத் தூக்கிக்கொண்டு வந்து நடுவீட்டில் வைத்தாள். சின்ன வாளி அளவு இருந்தது. கடலைத் தோலையும் கரும்புச் சக்கையையும் அரைத்து அழுத்திச் செய்த குச்சிகள்தான் அதற்கு விறகு. பார்க்க உடைந்த சாக்பீஸ் துண்டு மாதிரி இருக்கும். அடியில் ஒரு குட்டி ஃபேன், அதற்கு பேட்டரி. குச்சியை நிரப்பி, மேலே கொஞ்சம் மண்ணெண்ணெய் விட்டுக் கொளுத்தி ஃபேனைப் போட்டால் கேஸ் மாதிரியே நின்று எரிகிறது. புகை? தேடிப் பார்த்தேன், காணோம். கிராமத்துப் பெண்களுக்காகக் கொண்டுவந்ததாம். அவள் கமிஷனுக்கு விற்றுக்கொண்டிருந்தாள்.

எனக்கு வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது. கேஸும் இல்லை, கரியும் இல்லை. இதற்கு இந்த மனுஷன் என்ன சாக்கு சொல்வார்? ஒன்று தீரும்போது இன்னொன்று எரிய வேண்டுமே என்று இரண்டாக வாங்கினேன்.

ஆச்சரியம், அவர் முரண்டு பிடிக்கவில்லை. அடுப்பைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "சிலிண்டர் கெடயாதுல்ல?" என்று மட்டும் கேட்டார்.

முதல் நாள் நானும் கூடவே போனேன். குச்சி நன்றாகப் பிடித்து எரிந்தது. மேலே கம்பி வலை, அதன்மேல் கோழி. கொழுப்பு சொட்டியது, தீ குப்பென்று எழும்பியது. அவ்வளவுதான்! பழகின கை, கேட்குமா? குவளைக்குள் போயிற்று, தண்ணீரை அள்ளியது, சுள்ளென்று அடித்தது. கரியாக இருந்தால் சீறிவிட்டு அடங்கும். இது தூளை அழுத்திச் செய்த குச்சி. தண்ணீரைக் குடித்துப் புட்டு மாதிரி உப்பியது, உதிர்ந்தது, ஃபேன் அடியிலிருந்து ஊத ஊத மஞ்சள் மஞ்சளாகப் புகை. ஊரில் இல்லாத புகை! இவர் பதறிப்போய் இன்னும் ஒரு கை தண்ணீர் தெளித்தார். என் தலையில் நானே அடித்துக்கொண்டேன். நின்ற ஆட்களில் ஒருவன் கண்ணைத் துடைத்துக்கொண்டே, "க்யா அண்ணா, இன்னிக்குக் கோழி இல்லையா, வெறும் புகைதானா?" என்று இந்தியில் கேட்டான். எல்லாரும் சிரித்தார்கள். இவர் இருமிக்கொண்டே சிரித்தார். எனக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை.

மறுநாள் முதல் குவளையை வண்டியில் ஏற்றவே விடவில்லை. தண்ணீர் கேட்டால் "குடிக்கவா?" என்று விசாரித்துவிட்டுத்தான் கொடுத்தேன். கொஞ்சம் கொஞ்சமாக அந்த அடுப்பின் குணம் பிடிபட்டது. ஃபேனை வேகமாக வைத்தால் கோழி வெளியே கருகி உள்ளே பச்சையாக இருக்கும். குச்சி எரிந்து தணலாகிற வரை காத்திருந்து, ஃபேனைக் குறைத்துச் சுட்டால் பதமாக வரும். ஆனால் தணல் ரொம்ப நேரம் நிற்காது. நடுவில் குச்சி போட்டால் மறுபடி புகையும். அதற்குள் அடுத்ததைக் கொளுத்த வேண்டும். அப்போது மின்வெட்டு வேறு உயிரை வாங்கிக்கொண்டிருந்த சமயம், பேட்டரி பாதிதான் ஏறியிருக்கும். ஒரு கண் ஃபேனில், ஒரு கண் கோழியில். உட்கார நேரமில்லை. இருந்தாலும் அவர் இருமல் குறைந்தது. சிவன் கோயிலுக்கு நடந்து போய்வந்தார், நடுவில் எங்கும் நிற்காமல். எனக்கு அது போதும்.

வாங்குகிறவர்களுக்குத்தான் போதவில்லை. "வோ வாலா ஸ்வாத் நஹி" என்று உதட்டைப் பிதுக்கினார்கள், அந்தப் பழைய ருசி இல்லையாம். சில பேர் எதிர்வரிசைக் கரி வண்டிக்குப் போய்விட்டார்கள். கேஸில் ருசி இல்லை என்று குதித்த மனுஷன் இப்போது என்ன சொல்வாரோ என்று நான் பயந்துகொண்டே இருந்தேன். அவர் எதுவுமே சொல்லவில்லை. அது எனக்கு விசித்திரமாக இருந்தது.

மழைக்காலத்தில் ஒருநாள். வண்டி போகாத சாயங்காலம். வீட்டு கேஸ் அடுப்பில் பாலை வைத்துவிட்டுக் குழாயடிக்குத் தண்ணீர் பிடிக்கப் போனேன். அங்கே வரிசைத் தகராறு, பேச்சு வளர்ந்துவிட்டது. திரும்பி வரும்போது வாசலிலேயே குப்பென்று அடித்தது கேஸ் நாற்றம். பால் பொங்கித் தீயை அணைத்திருந்தது. கேஸ் அது பாட்டுக்கு வந்துகொண்டிருந்தது. இவர் அடுப்புக்குப் பக்கத்தில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தவர், கரண்ட் போய்விட்டதே என்று எழுந்து, ஒரு கையில் மெழுகுவத்தியும் ஒரு கையில் தீப்பெட்டியுமாக நிற்கிறார்!

"யோவ்!" என்று கத்திக்கொண்டு பாய்ந்து தீப்பெட்டியைத் தட்டிவிட்டேன். குடம் எங்கே விழுந்ததோ தெரியாது. அடுப்பை மூடினேன், ஜன்னலைத் திறந்தேன், அவரை இழுத்துக்கொண்டு மழையில் வந்து நின்றேன்.

"மூக்கு அடச்சிருக்கா? இந்த நாத்தம் தெரியலியா உனக்கு?"

அவர் என்னைப் பார்க்கவில்லை. "தெரியாது. ரொம்ப நாளாவே தெரியாதுமே. எதுவுமே தெரியாது" என்றார்.

மழையில் நின்றபடியே சொன்னார். வாசனை எப்போது போனது என்று அவருக்கே தெரியவில்லையாம். என் தம்பி கேஸ் தொட்டி செய்த காலத்துக்கும் முன்னாலேயே மூக்கு செத்துவிட்டதாம். உப்பு, காரம் நாக்குக்குத் தெரியும், வாசனை கிடையாது. கொழுப்பு பொரிகிற சத்தத்தையும் விரலால் அழுத்தினால் கறி கொடுக்கிற இழுப்பையும் வைத்துத்தான் பதம் பார்த்துக்கொண்டிருந்தாராம்.

"சுத்தி அத்தினி பேரு நிக்கறாங்க. கேஸ் கசிஞ்சா எனக்குத் தெரியாது. அத்தினி உசுருக்கும் யாரு பதில் சொல்றது? அதான் வேணாம்னேன்."

"ருசி இல்லன்னு சொன்னியேய்யா!"

"வேற இன்னா சொல்றது? சமைக்கிறவனுக்கு மூக்கு இல்லன்னு தெரிஞ்சா எவன் வந்து துன்னுவான்?"

சிலிண்டரை ஏன் மூடி மூடித் திறந்தார், பஜாருக்கே சமைத்துப் போடுகிறவர் வீட்டில் ஒரு டீ ஏன் போட்டுக் குடிக்க மாட்டார், எல்லாம் அப்போதுதான் எனக்கு விளங்கியது. ஆம்பளைத் திமிர் என்று எத்தனை தடவை ஏசியிருப்பேன்! பாவமாகவும் இருந்தது, பற்றிக்கொண்டும் வந்தது. என்னிடமாவது சொல்லியிருக்கலாமே என்று அழுதேன். மழையில் அது அவருக்குத் தெரிந்திருக்காது.

அதற்கப்புறம் குச்சி அடுப்பைக் கோயில் விளக்கு மாதிரி பார்த்துக்கொண்டேன். அது நிலைத்ததா? இல்லை. முதலில் குச்சி விலை ஏறியது. பிறகு மூட்டை வருவதே நின்று நின்று வந்தது. கடைசியில் மராட்டிக்காரம்மா வந்து கையை விரித்தாள், இனிமேல் வராதாம். வீட்டில் இருந்த குச்சியைப் பொறுக்கிப் பொறுக்கி எரித்தோம். அந்த நாட்களில் எனக்குச் சோறு இறங்கவில்லை. குச்சி தீர்ந்த அன்றைக்கு அவர் பழைய கரித் தொட்டியை எடுத்துத் துடைக்க ஆரம்பித்தார்.

நான் கட்டிலுக்கு அடியில் புகுந்து என் தம்பி செய்த குழாயை இழுத்து அவர் முன்னால் போட்டேன்.

"வேணாமே. அன்னிக்குப் பாத்தல்ல?"

"உங்களுக்குத்தான் மூக்கு இல்ல. எனக்கு கீது. நீங்க சுடுங்க, நான் சிலிண்டர் பக்கத்துல நிக்கறேன். நான் இல்லாத அன்னிக்கு வண்டி போகாது."

"தெனமுமா?"

"தெனமும். வாசல்ல நின்னு காதத் தீட்டறதுக்கு அங்கயே நின்னுட்டுப் போறேன்."

குழாயும் ட்யூபும் புதிதாக மாற்றினோம், சோப்புத் தண்ணீர் விட்டுச் சோதித்தோம். முதல் சாயங்காலம் சிலிண்டருக்குப் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்தேன். ஒவ்வொரு கம்பிக்கும் என் பக்கம் திரும்பி, "இன்னா, எதுனா வருதா?" என்று கேட்டார். "ஒண்ணும் வர்ல" என்றேன். கொஞ்ச நேரத்தில் கேட்பது குறைந்தது. சிலிண்டரை மூடாமலே அடுத்த கம்பியை வைத்தார். எனக்கு உயிர் வந்தது.

அப்புறம் திடீரென்று கேட்டார். "கோழி வாசன எப்டி கீது? கரியில சுட்ட மாதிரி கீதா? உண்மையச் சொல்லு."

அப்படியே இருக்கிறது என்று சொல்லிவிட எனக்கு நாக்குத் துடித்தது. இல்லை என்று சொன்னால் நாளைக்கே தொட்டியில் கரி கொட்டுவார், மறுபடி அந்த இருமல், அந்த விலா எலும்பு. ஆனால் இந்த மூக்கை நம்பித்தானே இத்தனை பேர் நடுவில் நெருப்பை வைத்துக்கொண்டு நிற்கிறார்! இதில் பொய் சொன்னால், கேஸ் கசியவில்லை என்று நான் சொல்வதை அவர் எப்படி நம்புவார்?

"இல்ல. பாதி கூட இல்ல" என்றேன்.

அவர் கம்பியை ஒரு புரட்டுப் புரட்டினார். தீயைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"சரி. நாளைக்கு எலுமிச்சம்பழம் கொஞ்சம் ஜாஸ்தியாப் பிழிஞ்சு ஊற வையி" என்று சொல்லிவிட்டு, அடுத்த கம்பியை எடுத்தார்.