பதினான்காம் பீல்டின் மஞ்சள் பூச்செடிகள்

1. மொட்டை

குளுவாங் பக்கத்துச் செம்பனைத் தோட்டமொன்றில் பூச்சிக் கணக்கெடுக்கும் குமாஸ்தா நான்; தோட்டத்தில் 'கிராணி' என்பார்கள். குறித்த மரங்களில் மரத்துக்கொரு மட்டையை வெட்டிச் சாய்த்து, ஓலையடியில் தொங்கும் பைப்புழுக்களை எண்ண வேண்டும். ஓலைத் துணுக்குகளால் பை கட்டிக்கொண்டு, அதற்குள் இருந்தபடியே ஓலையைச் சுரண்டித் தின்னும் புழு அது. பதினான்காம் பீல்டில் மட்டைக்கு இரண்டுக்கு மேல் நான் கண்டதில்லை. காரணம், ரோட்டோரத்தில் நட்டிருந்த மஞ்சள் பூச்செடிகள். பைப்புழுவின் உடம்பில் முட்டையிட்டு அதைக் கொல்லும் சிறு குளவிகளுக்கு அந்தப் பூந்தேன்தான் சாப்பாடு.

தலைமை அலுவலகத்திலிருந்து பெரியவர் வருகிறார் என்றால் ரோட்டோரத்தை மொட்டையடிப்பது தோட்டத்து வழக்கம். அந்த முறை பூச்செடிகளுக்கும் களைக்கொல்லி அடிக்கச் சொல்லி உத்தரவு. நான் உதவி நிர்வாகியான சின்னத் துரையிடம் ஓடினேன்.

"சார், இது களை இல்ல. குளவிக்காக நட்டது. அடிச்சா புழு ஏறிடும்."

"கார்லருந்து பாத்தா புதரு மாதிரி தெரியுது லா. பெரியவர் கேட்டா குளவியா வந்து பதில் சொல்லும்?"

மருந்தடிக்கும் பெண்களை மேற்பார்க்கும் மண்டோர் செல்லம்மா பம்பைத் தோளில் ஏற்றினார். "விடுங்க கிராணி, குளவிக்கு யூனியன் இல்ல," என்றார். பெண்கள் சிரித்தார்கள். மத்தியானத்துக்குள் செடிகள் முழுக்க மருந்தில் நனைந்தன.

பெரியவர் வந்தார். கார் நிற்கவில்லை.

2. பழுப்பு

அடுத்தடுத்த கணக்குகளில் மட்டைக்கு நான்கு, பிறகு ஒன்பது. சின்னத் துரை "பாக்கலாம்" என்றார். அதன்பின் முப்பதைத் தாண்டியும் எண்ணிக்கொண்டே இருந்தேன். பீல்டு தீய்ந்ததுபோல் பழுப்பேறியது. மரத்தில் துளையிட்டு மருந்து ஊற்றினார்கள். புழு செத்தது, தின்ற ஓலை தின்றதுதான்.

அந்தப் பீல்டில் குலை வெட்டியவர் செல்லம்மாவின் கணவர் முனியாண்டி. வெட்டும் எடைக்குத்தான் சம்பளம்.

"குலையே தள்ள மாட்டேங்குதே, அண்ணே. எப்பத் தேறும்?"

"ரெண்டு வருஷம்கூட ஆகலாம்."

"அலமாக்! அதுவரைக்கும் மரத்தடியில உக்காந்து காவலா காக்கறது?"

முனியாண்டி கெலாங் பாத்தாவில் நான்கு பேரோடு ஓர் அறையில் தங்கி, பாலம் தாண்டிச் சிங்கப்பூரில் வேலைக்குப் போனார். முதலில் வாரம் ஒருமுறை வந்தார். பிறகு தீபாவளிக்கு மட்டும்.

ஒருநாள் செல்லம்மா என்னிடம் கேட்டார்: "நான் அடிச்சதுனாலதானா, கிராணி?"

"அடிக்கச் சொன்னது துரைதாம்மா."

"பம்பு என் தோள்லதான இருந்துச்சு."

செடிகளைத் திரும்ப நட்டோம். பூத்தன. குளவிகளும் ஒன்றிரண்டாக வந்தன. முனியாண்டி வரவில்லை.

இந்த வேலைக்குப் புதிதாக வருபவர்களுக்கு ஒன்று சொல்வேன். புழுவை மட்டும் எண்ணாதீர்கள். புழுவைக் கொல்வது எது, அதற்குச் சோறு போடுவது எது என்றும் பாருங்கள். அந்தச் சோற்றை நம்பி எந்த வீட்டில் உலை வைக்கிறார்கள் என்பதை, மருந்தடிக்கும் முன்பே, மருந்தடிக்கிறவரிடமே சொல்லிவிடுங்கள். நான் துரையிடம் மட்டும்தான் சொன்னேன்.